நெமேயாவின் செப்புக்காசுகள்

கிரேக்கத்துக்குச் செல்லும் இந்தியக் கல்வியாளர்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ், அதன் அடிவாரத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்; நாள் மிஞ்சினால் டெல்ஃபி; பெலொப்பொனீஸ் பக்கம் ஒருநாள் உலா என்றால் மைசீனியும் எபிடாரஸும். அந்த ஒருநாள் உலாப் பேருந்துகள் கொரிந்தைக் கடந்து மைசீனியை நோக்கி விரைகையில், நெடுஞ்சாலைக்கு மேற்கே திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கைத் திரும்பியும் பாராமல் செல்கின்றன. பண்டைய நெமேயா அங்கேதான் இருக்கிறது. ஒலிம்பியா, டெல்ஃபி, இஸ்த்மியா ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு பொதுக்கிரேக்க விளையாட்டு விழாக்களுள் ஒன்று நடந்த இடம் அது. மரபுக் கணக்கின்படி கி.மு. 573இல் தொடங்கிய விழா. வென்றவனுக்குக் கிடைத்த பரிசு, காட்டுச் செலரித் தழையால் கட்டிய ஒரு முடி.

பள்ளத்தாக்கின் நடுவே சியூஸ் கோயில் நிற்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட அந்தக் கோயிலின் மூன்று தூண்கள் மட்டுமே பழங்காலம் முதல் விழாமல் நின்றவை. மற்றவை அண்மைப் பத்தாண்டுகளில் கிடந்த கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டவை. அருகில் ஓர் அடக்கமான அருங்காட்சியகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் ஸ்டீஃபன் மில்லர் தலைமையில் 1970களில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. அதன் விளைவாக எழுந்த கட்டடம் 1984இல் கிரேக்க அரசின் பொறுப்புக்கு வந்தது. முதன்மைக் கூடம் ஒன்று, கற்களும் கல்வெட்டுகளும் நிற்கும் முற்றம், இடத்தின் மாதிரியுரு, பதினெட்டாம் நூற்றாண்டு முதல் அங்கு வந்துபோன பயணிகள் வரைந்த படங்கள். ஒரு பெரிய சாளரத்தின் வழியே, கண்ணாடிப் பேழையில் இருப்பது எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண் தெரிகிறது. கோயிலுக்கும் பேழைக்கும் இடையே சில நூறு அடிகள்தாம்.

உலகப் புகழ்பெற்ற சிலை எதுவும் அங்கே இல்லை. கலை வரலாற்றுப் பாடநூல்களின் அட்டைக்குத் தகுதியானவை என்று தேடிச் செல்பவர் ஏமாறுவார். ஆயினும் வரலாற்று மாணவர் ஒருவர் அங்கே ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிட்டால், ஏதென்ஸின் பெரிய கூடங்களில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். அதற்கு முதல் எடுத்துக்காட்டு நாணயக் காட்சி.

பெரிய அருங்காட்சியகங்களில் நாணயம் என்றால் வெள்ளியும் பொன்னும். தேர்ந்த அச்சு, தேயாத முகம், அழகின் வரிசை. நெமேயாவில் இருப்பவை பெரும்பாலும் தேய்ந்த செப்புக்காசுகள். தனித்தனியே ஏலத்துக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவை அச்சிடப்பட்ட நகரங்களின்படி அங்கே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆர்கோஸ், சிகியோன், கொரிந்து எனப் பக்கத்து ஊர்கள் முதல் தொலைவிலுள்ள நகர அரசுகள் வரை, விழாவுக்கு வந்தவர்களின் மடியிலிருந்து நழுவி விழுந்த சில்லறையைக் கொண்டு விழாவின் புவியியல் வரையப்படுகிறது. விளையாட்டரங்கில் இன்னும் நுட்பமான செய்தி கிடைத்தது. ஒரே நகரத்தின் காசுகள் ஒரே பகுதியில் செறிந்து கிடந்தன. ஆர்கோஸ்காரர் ஒருபுறமும் சிகியோன்காரர் வேறொருபுறமும் கூட்டங்கூட்டமாக அமர்ந்து தம் ஊர்ப் பிள்ளைக்குக் குரல் கொடுத்தார்கள் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. எழுத்துச் சான்று எதுவும் சொல்லாத இச்செய்தியைச் சொல்வது, எந்தக் காசு எந்த அடியில் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பேடு மட்டுமே. காசைப் பிரித்தெடுத்துக் குறிப்பேட்டைத் தொலைத்தால் மிஞ்சுவது சில கிராம் செம்பு.

சிறு அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசும்போது, பெரியவை அருமையானவை, சிறியவை எளிமையானவை என்று இரங்கும் தொனி ஒன்று வந்துவிடுகிறது. அந்தத் தொனி தவறானது. பெரிய அருங்காட்சியகம் பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டுகிறது. இடத்து அருங்காட்சியகம் பொருளை அது கிடந்த மண்ணோடு சேர்த்துக் காட்டுகிறது. இரண்டும் வேறுவேறு அறிவு. முன்னதற்குக் கிடைக்கும் பணமும் பார்வையாளரும் பின்னதற்குக் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நெமேயாவில் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஐடோனியாவின் பொன். ஐடோனியா அருகிலுள்ள ஒரு சிற்றூர். அங்கே மைசீனியக் காலத்து அறைக்கல்லறைகள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டிருந்தன. 1970களின் பிற்பகுதியில் புதையல் திருடர்கள் அவற்றைச் சூறையாடினர். பின்னர் வந்த கிரேக்கத் தொல்லியல் துறையினர் பெரும்பாலும் வெறுமையான கல்லறைகளையே அகழ்ந்தனர். ஆனால் ஒரு கல்லறையின் தரையில் திருடர் கண்ணில் படாத ஒரு குழி எஞ்சியிருந்தது. அதில் பொன் மோதிரங்களும் மணிகளும் கிடைத்தன. ஆண்டுகள் பல கடந்தன. 1993இல் நியூயார்க்கின் கலைக்கூடம் ஒன்றில் மைசீனியப் பொன்னணிகளின் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையில்லை. குழியில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டபோது வேலைப்பாடும் வகையும் இரட்டைப்பிள்ளைகள் போல ஒத்திருந்தன. கிரேக்க அரசு அமெரிக்க நீதிமன்றத்தை நாடியது. தீர்ப்புவரை போகாமல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிரேக்க மரபுப் பாதுகாப்புக்கான வாஷிங்டன் அமைப்பு ஒன்றுக்குத் தொகுப்பு நன்கொடையாகக் கைமாறி, 1996இல் தாயகம் திரும்பியது. பின்னர் அது வந்து சேர்ந்த இடம் ஏதென்ஸ் அன்று, நெமேயா.

இந்த முடிவு சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் திரும்பி வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. குழியில் கிடைத்த மணிகளுக்கு ஒரு கல்லறை உண்டு. உடன்கிடந்த பொருள்கள் உண்டு. அவற்றின் காலத்தை அடுக்கு வழியே பேச முடியும். நியூயார்க்கிலிருந்து வந்த மணிகள் ஐடோனியாவைச் சேர்ந்தவை என்று சொல்லலாம். அதற்குமேல் அவை பேசா. எந்தக் கல்லறை, ஆணா பெண்ணா, முதியவரா குழந்தையா, ஒருவருக்கு உரியவையா பலருக்கா என்ற கேள்விகள் திருடனின் மண்வெட்டியோடு முடிந்துபோயின. ஒரே மண்ணின் ஒரே பொன், இரு வகைச் சாட்சியம். பண்பாட்டுச் சொத்து மீட்பு பற்றிக் கருத்தரங்குகளில் நிகழும் உரைகள் பெரும்பாலும் உரிமையைப் பற்றியவை. இழந்த அறிவைப் பற்றி அவை குறைவாகவே பேசுகின்றன. ஒரு பொருளை வானூர்தியில் ஏற்றித் திருப்பி அனுப்ப முடியும். அதன் கல்லறைச் சூழலைத் திருப்பி அனுப்ப எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுவது யூபியா தீவின் எரேட்ரியா அருங்காட்சியகம். லெஃப்காண்டி இடுகாட்டில் கிடைத்த சுடுமண் கின்னரன் அங்கே இருக்கிறான். மனித உடலும் குதிரை உடலும் கூடிய அந்த உருவம் கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் ஒரு முழங்கூட இல்லை. தலை ஒரு கல்லறையிலும் உடல் வேறொரு கல்லறையிலும் கிடைத்தன. உடைந்ததால் சிதறியதன்று, பிரித்துப் புதைத்திருக்கிறார்கள். முன்னங்காலில் ஒரு வெட்டு, சுடுவதற்கு முன்பே வேண்டுமென்று இட்டது. ஹெராக்ளிஸின் அம்பால் காலில் காயமுற்ற கைரோனின் கதை அதற்குள் வழக்கில் இருந்ததோ என்று அறிஞர்கள் கேட்பது அந்த வெட்டினால்தான். திருடர்கள் முந்தியிருந்தால் தலை ஒரு சந்தையிலும் உடல் மற்றொரு சந்தையிலும் விலைபோயிருக்கும். இரண்டும் ஒருவனுடையவை என்று யாரும் அறிந்திருக்கப் போவதில்லை.

மெசேனியாவின் கோரா என்ற சிற்றூர் அருங்காட்சியகத்தில் வேறொரு பாடம். அருகே எப்பானோ எங்லியானோஸ் குன்றில், நெஸ்தரின் அரண்மனை என்று வழங்கும் மைசீனிய அரண்மனையைக் கார்ல் பிளேகன் 1939இல் அகழத் தொடங்கிய முதல் நாளிலேயே நேர்கோட்டு ‘பி’ எழுத்துப் பலகைகள் வெளிப்பட்டன. அந்தக் களிமண் பலகைகள் இன்று ஏதென்ஸில் உள்ளன. கோராவில் எஞ்சியவை சுவரோவியத் துண்டுகளும் மட்பாண்டங்களும். அரண்மனையின் ஒரேயொரு சரக்கறையில் மட்டும் 2,853 உயர்காம்பு மதுக்கிண்ணங்கள் நொறுங்கிக் கிடந்தன என்பது அகழாய்வாளர் எண்ணிச் சொன்ன கணக்கு. அந்தக் கிண்ணங்களை நேரில் காணும் மாணவருக்கு, அரண்மனைப் பொருளாதாரம் என்ற சொல் முதன்முறையாக எடையுள்ளதாகிறது. எத்தனை குயவர், எத்தனை சூளை, எத்தனை விருந்தினர்! ஆனால் விருந்துக்கான தானியத்தையும் கால்நடையையும் கணக்கிட்ட பலகைகள் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு பேழையில் இருக்கின்றன. கணக்கேடும் பாத்திரமும் பிரிந்து கிடக்கின்றன. பாதுகாப்பு, ஆய்வு வசதி என்று தலைநகருக்குக் கொண்டு சென்றதற்கு அன்று காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் இன்றும் அவ்வாறே நிற்கின்றனவா என்று கேட்பவர் குறைவு.

பாதுகாப்பு என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 1990 ஏப்ரலில் பண்டைய கொரிந்தின் அருங்காட்சியகத்தில் இரவில் புகுந்த கொள்ளையர், காவலரைத் தாக்கிக் கட்டிப்போட்டு, 280க்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்துச் சென்றனர். 2012 பிப்ரவரியில், கிரேக்கம் கடன் நெருக்கடியால் செலவுகளைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒலிம்பியாவின் சிறிய அருங்காட்சியகத்தில் ஆயுதமேந்திய இருவர் எழுபதுக்கு மேற்பட்டவற்றைக் கவர்ந்தனர். இவற்றைச் சுட்டி, சிறு ஊர்களில் விலைமதிப்பற்றவற்றை வைக்கலாகாது என்போர் உண்டு. ஆனால் கதையின் பிற்பகுதியையும் படிக்க வேண்டும். ஒலிம்பியாப் பொருள்கள் அதே ஆண்டு நவம்பரில் மீட்கப்பட்டன. கொரிந்தின் பொருள்களில் பெரும்பகுதி 1999இல் மயாமியில், மீன்பெட்டிகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட நிலையில் அகப்பட்டது. 2001இல் ஊர் திரும்பியது. அவற்றை உலகச் சந்தையில் வெளிப்படையாக விற்க முடியாமற் போனதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாக அகழாய்வாளர் வைத்திருந்த பதிவேடும் நிழற்படமும். ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது, படம் இருந்தது, கிடைத்த இடம் எழுதப்பட்டிருந்தது. ஐடோனியாவின் பொன்னுக்கு இவை எதுவும் இல்லாததால், தப்பிய ஒரு குழியை வைத்து வழக்காட வேண்டியிருந்தது. பூட்டு எத்தனை பெரிதென்பதைவிடப் பதிவேடு எத்தனை செம்மையானது என்பதே மீட்பைத் தீர்மானித்திருக்கிறது. காவலர் எண்ணிக்கையைக் குறைத்தது அரசு. அதற்கான தண்டனையைச் சிற்றூர் ஏற்கவேண்டும் என்பது விந்தையான நீதி.

பணத்தின் கதையும் இங்கே பொருந்தும். கிரேக்கத்தில் தொல்லிடங்களின் நுழைவுச்சீட்டு வருவாய் ஒரு மைய நிதியில் சேர்ந்து, அங்கிருந்து நாடெங்கும் பகிரப்படுவது நெடுநாள் வழக்கம். எளிமையாகச் சொன்னால், அக்ரோபோலிஸில் நிற்கும் நீண்ட வரிசையின் காசில் ஒரு பங்கு, நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வரும் அருங்காட்சியகத்தின் விளக்குக் கட்டணமாகிறது. 2023இல் கிரேக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஏதென்ஸ், தெசலோனிக்கி, ஹெராக்லியோன் நகரங்களின் ஐந்து பெரிய அருங்காட்சியகங்களைத் தொல்லியல் துறையிலிருந்து பிரித்து, தனி நிர்வாகக் குழுக்கள் கொண்ட தன்னாட்சி அமைப்புகளாக்கியது. நெகிழ்வும் விரைவும் கிடைக்கும் என்றது அரசு. தொல்லியலாளர்கள் தெருவில் இறங்கினர். அருங்காட்சியகமும் அகழாய்வுக் களமும் ஒரே துறையின் இரு கைகளாக இருந்துவந்த அமைப்பை இது வெட்டுகிறது என்ற அவர்களின் கவலை நியாயமானது. பெரியவை தம் வருவாயையும் நன்கொடையாளரையும் தாமே பார்த்துக்கொள்ளத் தொடங்கினால், பொதுத்தொட்டியில் நீர் குறையும்போது முதலில் வறள்வது நெமேயா போன்ற ஓரப்பாத்திகளே.

இந்திய வாசகருக்கு இதில் அயன்மை தோன்ற வேண்டியதில்லை. 1902இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையேற்ற ஜான் மார்ஷல், அதற்குமுன் கிரீட் தீவின் அகழாய்வுகளில் பயின்றவர். கண்டெடுத்தவற்றைக் கண்ட இடத்திலேயே வைக்கும் கொள்கையை இங்கே வலியுறுத்தியவரும் அவரே. 1910இல் கட்டி முடிக்கப்பட்ட சாரநாத் அருங்காட்சியகம் அக்கொள்கையின் முதற்கனி. அசோகரின் சிங்கத் தலைப்பு தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ போகாமல், தூண் நின்ற மண்ணிலேயே இன்றும் இருப்பது தற்செயலன்று.

கிரேக்கத்துக்குக் கல்விச் சுற்றுலா திட்டமிடும் துறைத்தலைவர்கள் மைசீனிக்கு ஒதுக்கும் நாளில் மூன்று மணி நேரத்தை நெமேயாவுக்கு மாற்றினால் போதும். குளிர்காலத்தில் இத்தகைய அருங்காட்சியகங்கள் பலவும் பிற்பகலிலேயே கதவடைத்துவிடும். வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் உண்டு. காலையில் முதலில் நாணயப் பேழையைப் பார்த்துவிட்டு, பிறகு நடக்கும் தொலைவிலுள்ள விளையாட்டரங்குக்குப் போவது நல்லது. போட்டியாளர் களத்தினுள் நுழைந்த கற்சுரங்கவழி அங்கே முழுமையாக நிற்கிறது. தம் முறைக்காகக் காத்துநின்றவர்கள் அதன் சுவரில் கீறிய பெயர்களை இன்றும் படிக்கலாம்.