வழுநீக்கக் குறிப்பும் ஒரு சான்றே

திறமூல மென்பொருளில் வழு நீக்குவோர் பலர், கமிட் குறிப்பை 'வழு சரிசெய்யப்பட்டது' என்ற இரு சொற்களில் முடித்துவிடுகின்றனர். என்ன மாறியது என்பதை நிரலே காட்டும். ஏன் மாறியது என்பதைக் குறிப்புதான் சொல்ல வேண்டும்.

லினக்ஸ் கெர்னலில் இதற்குத் தெளிவான மரபு உண்டு. 'ஃபிக்சஸ்' என்ற வரியில், வழுவைப் புகுத்திய கமிட்டின் அடையாள எண்ணில் குறைந்தது முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் தர வேண்டும். எந்தப் பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் தேவை என்பதை அறிய இவ்வரி உதவுகிறது.

மென்பொருள் ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு. வழு புகுந்த இடத்தைத் தேட 2005இல் முன்மொழியப்பட்ட எஸ்இசட்இசட் முறை, கமிட் குறிப்புகளிலிருந்தே தொடங்குகிறது. குறிப்பு பிழைத்தால் தரவும் பிழைக்கும். அதன்மேல் எழும் முடிவும் சாயும்.

மாணவர்க்கு மேற்கோள் முறையைக் கற்பிக்கும் நாம், கமிட் குறிப்பு எழுதவும் கற்பிக்க வேண்டும்.