யாருடைய நம்பர்?

தங்கை மகளுக்குத் திருநெல்வேலியில் பிரசவமாகி 19-ஆம் நாள். துணைக்கு இருக்கட்டும் என்று நானும் அங்கேயே தங்கியிருந்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். பிள்ளை அழவில்லை, தொட்டில் அசையவில்லை. ஆனால் அறைக்குள் செல்போன் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“தூங்கலையா ஏட்டி?”

“இப்ப குடிச்சதை எழுதலைன்னா மறந்துரும் பெரியம்மா.”

மறுநாள் அந்தச் செயலியைக் காட்டினாள். இடது பக்கம் 11 நிமிடம், வலது பக்கம் 7 நிமிடம். எத்தனை தடவை ஈரம், மலம் என்ன நிறம், எத்தனை மணி நேரத் தூக்கம், எடை எத்தனை கிராம். பிறந்த நாளிலிருந்து ஒரு வேளை விடாமல் நிரப்பியிருந்தாள். நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பெற்றவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். வீட்டில் எல்லோரும் பார்த்தோம். “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றாள் என் தங்கை. நானும் தலையாட்டினேன். முதல் வாரத்துக்கு அது சரியான பேச்சுதான். பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது பல பெண்களுக்கும் வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் நீண்டால் அதைப் பச்சை உடம்பு என்று சொல்லி மூடக்கூடாது. வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் 19.8 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் முக்கியமானது மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவ வார்டில் 20 கட்டில் இருந்தால் அதில் நான்கு கட்டில். நாம் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு எல்லாக் கட்டிலுக்கும் போகிறோம். பிள்ளை யார் ஜாடை என்று பேசிவிட்டுத் திரும்புகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மனநல மருத்துவர் எனக்குக் காட்டிய வினாப்பட்டியல் நினைவுக்கு வந்தது. ஜான் காக்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருவரும் 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று மட்டும் கேட்கும். சிரிக்க முடிந்ததா, வீணாக உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா, காரணமில்லாமல் பயந்தாயா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், அவற்றில் ஒன்றைத் தொட்டால் போதும். உடம்பு அசதியாக இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. பிள்ளை பெற்ற எவளுக்கு அசதி இல்லை? அசதியை வைத்து மனதை அளக்க முடியாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. தூக்கத்தைப் பற்றிக்கூட, பிள்ளைக்காக விழித்தாயா என்று கேட்காது. மனம் வெந்து தூக்கம் வராமல் போனதா என்றுதான் கேட்கும். வேலூரில் இதன் தமிழ் வடிவத்தை நம் பெண்களிடம் சோதித்துப் பார்த்து 2005-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

போனில் தமிழ் வடிவத்தைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தேன். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். கூடத்தில் அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் தங்கை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இவள் பெருவிரல் ஒவ்வொரு கேள்வியாக நகர்ந்தது. பத்தாவது கேள்வியில் நின்றது. தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி. என் முகத்தைப் பார்க்காமல், ‘எப்போதாவது’ என்ற பதிலைத் தொட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். அந்தக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆள் வேண்டும்.

இதே கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? “நல்லாத்தான் இருக்கேன் பெரியம்மா.” பத்தொன்பது நாளாக எல்லோரிடமும் அதைத்தான் சொன்னாள். நான் 1994-ல் சொன்னதும் அதைத்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன், ‘எனக்கு இந்தப் பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது’ என்று. பசை தடவி ஒட்டிய பிறகு கிழித்து அடுப்பில் போட்டேன். இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அதனால்தான் சத்தமில்லாமல் கேட்டு, சத்தமில்லாமல் பதில் வாங்கும் ஒரு கருவியை நான் அவ்வளவு மதிக்கிறேன். நாற்பது நாள் வாசல்படி தாண்டாதே என்று சொல்லும் வீட்டிலும் போன் வாசல் தாண்டும்.

14416-ஐ அழைத்தோம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுவார். கீழே பேச முடியாது என்று மாடிப்படிக்குப் போனாள். தலையில் துண்டு, காது இரண்டிலும் பஞ்சு. காற்றுப் பட்டுவிடும் என்று தங்கை வைத்துவிட்டது. வலது காதுப் பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள். நான் நான்கு படி கீழே பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அழுகை மட்டும்தான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அவசரப்படவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தோம். பாலுக்குப் பாதகமில்லாத மாத்திரைகள் உண்டு என்று அவர் விளக்கிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பாதி வாயடைத்துப் போயிருந்திருக்கிறாள்.

பேச்சு எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்றும் உண்டு. பாகிஸ்தானில், ராவல்பிண்டியின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவரின் குழு, சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோர்ந்த தாய்மாரோடு முறையாகப் பேசவைத்தது. ஆறு மாதத்தில் பேச்சு கிடைத்த பெண்களில் 23 சதவீதம் பேர்தான் இன்னும் சோர்வில் இருந்தார்கள். வழக்கமான வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம். 2008-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. மருந்தாக நின்றது மனிதப் பேச்சு. போன் அந்தப் பேச்சைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பதிலுக்குப் பதில் எழுதும் இயந்திரத்திடம் இரவு மூன்று மணிக்கு ஒரு பச்சை உடம்புக்காரியை ஒப்படைத்துவிட்டு நாம் தூங்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, பிள்ளை தன்னுடையதில்லை என்று ஒருத்தி பேச ஆரம்பித்தால், பாட்டிமார் ஜன்னி என்று சொன்ன அந்த நிலைக்கு எந்தச் செயலியும் ஆகாது. நேராக மருத்துவமனைதான். பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. தமிழ்நாட்டில் கர்ப்பம் தரித்தவுடன் அரசிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுகிறோம், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். அப்படியானால் பிரசவிக்கும் பெண்களின் கணக்கு அரசிடம் இருக்கிறது. அந்தப் பத்துக் கேள்வியை ஒவ்வொருத்தியின் போனுக்கும் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? இதைத் தங்கையிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் குறுக்கே பேசினாள்: “அதுல அவங்க நம்பர்தான் இருக்கு பெரியம்மா.” அவங்க என்றால் அவள் புருஷன். பதிவு செய்த அன்று யாரும் யோசிக்காமல் கொடுத்த நம்பர். கேள்வி அனுப்பினால் கோயம்புத்தூரில் ஷிப்டில் இருக்கும் அந்தப் பையனின் சட்டைப் பையில்தான் அது அதிரும்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு நானும் கூடப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் பன்னிரண்டு, பதிமூன்று தாய்மார் வரிசையில் இருந்தார்கள். பாதிப் பேர் கையில் போன். எங்கள் முறை வந்தது. நர்சம்மா பிள்ளையை எடை போட்டு, தொடையில் ஊசி போட்டு, அது வீறிட்டு அழுது அடங்கிய பிறகு, இவள் சொன்னாள்:

“அக்கா, பிக்மியில என் நம்பரை மாத்திக்கிடுதீகளா?”

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். “சொல்லும்மா.”

இவள் நிறுத்தி நிறுத்தி, பத்து இலக்கமும் சொன்னாள்.