தாத்தாவைச் சாமி ஆக்காதீங்க, சாமி!

தாத்தாவைப் பற்றி எழுதுவதற்கென்றே நம்மிடம் ஒரு அச்சு இருக்கிறது. வேப்பமரம், கயித்துக் கட்டில், வெத்திலைப் பெட்டி, சட்டை போடாத உடம்பு, மடியில் பேரன். "எங்க தாத்தா 95 வயசு வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல." "எங்க தாத்தா வாயில பொய்யே வந்ததில்ல." கடைசி வரியில், இன்று தாத்தாவும் இல்லை, அந்த வேப்பமரமும் இல்லை... முடிஞ்சது. படிக்கிறவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலிருந்து காலங்காத்தால வர்ற வாட்ஸப் ஃபார்வர்டு வரைக்கும் எல்லாவற்றிலும் இதே தாத்தாதான்.

எனக்கு இந்த அச்சுத் தாத்தாவைக் கண்டாலே ஆகாது. என் நிஜத் தாத்தாவை ரொம்பப் பிடிக்கும் என்பதுதான் காரணம். அவருக்கு இப்ப 84 வயசு. மன்னார்குடி பக்கம் குத்தகைக்கு எட்டு மா சாகுபடி செய்தவர். இந்த அச்சுக்குள்ள அவரை உட்கார வச்சா அவர் அடையாளமே தெரியாமப் போயிடுவார். அச்சில் சொல்ற ஒவ்வொண்ணும் எப்படிப் பொய்னு வரிசையா பார்ப்போம்.

முதல் பொய்: "அந்தக் காலத்து உடம்பு."

சுதந்திரம் வாங்கின சமயத்தில் இந்தியாவில் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்ப 70-ஐ ஒட்டி வந்திருக்கு. உடனே "அப்ப எல்லாரும் 32 வயசுலயே செத்தாங்களா?"ன்னு கேட்காதீங்க. கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால்தான் சராசரி அவ்வளவு கீழே கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருக்கிற 95 வயசுத் தாத்தா நம்ம கண்ணுக்குத் தெரியறார். அவர்கூடப் பிறந்து மூணு வயசுல பேதியிலும் அம்மையிலும் போனவங்க தெரியறதில்லை, ஏன்னா அவங்களுக்குப் பேரன் கிடையாது, கட்டுரை எழுத ஆள் கிடையாது! என் தாத்தாவோடு பிறந்தவங்க மொத்தம் ஒன்பது பேர். அதில் கல்யாணம் வரைக்கும் வந்தவங்க நாலு பேர்.

கம்பும் கேப்பையும் அவரைக் காப்பாத்தலைன்னு நான் சொல்ல வரலை. ஆனா பெரியம்மையை ஒழிச்சது தடுப்பூசி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானது 1975-ல். குளத்துத் தண்ணியைக் குடிச்சு வந்த நரம்புச் சிலந்தி நோய் இந்த நாட்டை விட்டுப் போனதாக அறிவிச்சது 2000-ல். இதையெல்லாம் நேரில் பார்த்தவர் தாத்தா. அவர் பேரைச் சொல்லியே "தடுப்பூசி வேண்டாம்"னு ஃபார்வர்டு அனுப்பறாங்களே, அதை என்னன்னு சொல்றது!

இரண்டாவது பொய்: "இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்."

அச்சுத் தாத்தா உரமே தொடாதவர், பாரம்பரிய விதையைப் பொக்கிஷமாகக் காத்தவர். தஞ்சாவூர் பக்கம் வந்து விசாரிச்சுப் பாருங்க. 1960-ல் அந்த ஜில்லாவைத் தேர்ந்தெடுத்து, விதை, உரம், கடன் எல்லாம் சேர்த்துக் கொடுத்து 'பாக்கேஜ் திட்டம்' கொண்டு வந்தாங்க. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. நூத்திச் சொச்ச நாளில் அறுவடைக்கு வர்ற ரகம், குறுவைக்கு வசதி. அதை ஓடி ஓடி வாங்கி நட்டது யார்? நம்ம தாத்தாக்கள்தான். அப்ப அவங்களுக்கு இருபத்தஞ்சு, முப்பது வயசு. பழைய விதையைக் கைவிட்டதும் அவங்கதான், யூரியா மூட்டையைத் தலையில் சுமந்ததும் அவங்கதான்.

ஏன் தாத்தா மாத்தினீங்கன்னு கேட்டேன். "பசிடா தம்பி"ன்னார். அவ்வளவுதான் பதில். அப்புறம் தானாகவே, மண்ணு முன்ன மாதிரி இல்லைங்கிறதையும் சொன்னார். ஒரு மனுஷன் ஏன் ஒரு முடிவு எடுத்தான், அதில் என்ன கிடைச்சது, என்ன போச்சு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ற இந்தப் பதிலை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. அச்சுத் தாத்தாவிடம் இதைக் கேட்கவே முடியாது. அவர் இயற்கையோடு இயைந்து புன்னகை செய்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

மூன்றாவது பொய்: "அந்தக் காலத்துல நீதி, நேர்மை இருந்தது."

யாருக்கு இருந்தது? எந்தத் தாத்தாவைச் சொல்றீங்க? களத்தில் மரக்காலைக் கையில் பிடிச்சு அளந்தவரையா, துண்டை விரிச்சுக் கூலி நெல்லை வாங்கினவரையா? நம்ம வகுப்பிலேயே இரண்டு பேருடைய பேரப்பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்காங்க. தஞ்சாவூரில் விவசாயத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் கேட்டவற்றில் ஒண்ணு, முத்திரை குத்தின மரக்காலால்தான் கூலி அளக்கணும் என்பது. அதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்ததுன்னா, அளவு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. கூலிப் பிரச்சினை முற்றி 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள்ள எரிஞ்சு போனாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எல்லாரும் தலித்துகள். அவங்களில் உயிரோடு இருந்திருந்தால் இன்னைக்குத் தாத்தா, பாட்டி ஆகியிருக்க வேண்டியவங்க எத்தனை பேர்!

என் தாத்தாவையும் விட்டு வைக்கலை. நாத்து நட வந்தவங்களுக்கு எங்க வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் டீ, தனி டம்ளரில். நான் சின்ன வயசில் கண்ணால் பார்த்தது. என் அத்தையை ஆறாவதோடு நிறுத்தினதும் இதே தாத்தாதான். 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெண்களில் 9 பேர்தான். அந்த உலகத்தில் பிறந்தவர், அப்படித்தான் இருப்பார்னு சொல்லலாம். காரணம் புரியுது. ஆனா காரணம் புரியறது வேற, அதையும் சேர்த்து "தாத்தா கற்றுத் தந்த பண்பாடு"ன்னு பட்டுத் துணியில் சுத்தி வைக்கிறது வேற. தனி டம்ளரைப் பற்றி அவரிடம் நேருக்கு நேராகச் சண்டை போட்டிருக்கேன். அதுக்கப்புறமும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரெண்டும் ஒரே வீட்டில் நடக்கும்ங்க.

"பெரியவங்களைக் குறை சொல்லலாமா? என்ன பிள்ளை வளர்ப்பு!"ன்னு ஒரு கூட்டம் வரும். வரட்டும். குறை சொல்லவே முடியாத ஆள் நமக்குத் தாத்தா இல்லை, காலண்டர் சாமி. காலண்டர் சாமிகிட்ட யாரும் எதுவும் கத்துக்கிட்டதில்லை, கன்னத்தில் போட்டுக்கிட்டதோட சரி.

சரி, அப்ப தாத்தாக்கள் என்னதான் கத்துத் தர்றாங்க? என் அனுபவத்தில், அறிவுரை ரொம்பக் கம்மி. கத்துத் தர்றது கைவேலையும் கணக்கும்.

உதாரணம் ஒண்ணு. அறுத்துப் போட்ட நெல்லில் நாலு மணியை எடுத்துப் பல்லில் வச்சுக் கடிப்பார். 'டக்'குன்னு முறிஞ்சா காஞ்சிருக்கு, நசுங்கினா ஈரம். "இன்னும் ஒரு வெயில் காயணும்"பார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, மழை வருஷங்களில் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். அங்கே மெஷின் சொல்றதும் தாத்தா பல் சொல்றதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எத்தனை தடவை கடிச்சுப் பார்த்தால் அந்தப் பல் வரும்!

உதாரணம் இரண்டு. "முக்காலே மூணு வீசம் முடிஞ்சது"ன்னு நாமெல்லாம் சொல்றோம். என்ன கணக்குன்னு யாருக்காவது தெரியுமா? வீசம்னா பதினாறில் ஒரு பங்கு. முக்கால்னா பதினாறில் பன்னிரண்டு. அதோட மூணு வீசம் சேர்ந்தா பதினாறில் பதினைந்து. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஒரு அணா குறைவு. அதாவது கிட்டத்தட்ட முழுசு, ஆனா முழுசு இல்லை! 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போச்சு. நூறில் யோசிக்கப் பழகினதும் அதே ஆட்கள்தான். மா, குழி, ஏக்கர், சென்ட் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே மாத்துவார். ஒரு மா சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. கால்குலேட்டரில் நான் தட்டி முடிக்கிறதுக்குள்ள அவர் பாக்கியையும் சேர்த்துச் சொல்லிட்டு மூக்குப்பொடி போட ஆரம்பிச்சிருப்பார்.

இதெல்லாம் "தாத்தா நல்லவர்"ங்கிற ஒரு வரிக்குள் அடங்குமா? அடங்காது. அதனால்தான் அந்த வரி மேல எனக்கு இவ்வளவு கோபம். செலவில்லாம உருகிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே தப்பிச்சுப் போறதுக்கு அது நல்ல வழி.

தப்பிக்கிறதில் இன்னொரு பக்கமும் இருக்கு. தாத்தாவுக்கு இவ்வளவு உருகற அதே தமிழ்நாட்டில்தான் 'தலைக்கூத்தல்'னு ஒரு வார்த்தையும் இருக்கு. வயசானவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாக விடுறது. 2010-ல் விருதுநகர் பக்கத்துச் சம்பவங்கள் செய்திகளில் அடிபட்டது. 'பாரம்' படம் அதைத்தான் பேசியது, தேசிய விருதும் வாங்கியது. வறுமை, வைத்தியச் செலவு, பார்த்துக்க ஆளில்லாமைன்னு ஆயிரம் காரணம் சொல்வாங்க. அந்தக் காரணங்களைச் சரிபண்றது ஒரு ஊருக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள வேலை. உருக்கமான கட்டுரை அதைச் செய்யாது.

சட்டமும் சொல்லிடறேன், நம்ம வயசுக்காரங்க யாருக்கும் தெரியறதில்லை. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள் மட்டும் இல்லை; 18 வயசு நிரம்பின பேரன், பேத்தியும் சேர்த்தி. கவனிக்கலைன்னா தாத்தா பாட்டி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கச் சொல்ல முடியும். பார்த்துக்கணும்ங்கிற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்காட்டா திருப்பி வாங்கவும் அதில் வழி இருக்கு. பாசம் பொங்கி வழியற நாட்டில் இப்படி ஒரு சட்டம் போட வேண்டி வந்தது ஏன்னு யோசிங்க.

தாத்தா உயிரோடு இருக்கிறவங்க இந்த லீவுக்கு ஊருக்குப் போனா மூணே மூணு கேள்வி கேளுங்க. உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர், எத்தனை பேர் பிழைச்சீங்க? முதல் கூலி என்ன, யார் அளந்தாங்க, இல்லைன்னா யாருக்கு நீங்க அளந்தீங்க? உங்களுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாத வேலை ஒண்ணு சொல்லிக் கொடுங்க. இரண்டாவது கேள்வியில் சிலர் வாயை மூடிக்குவாங்க, சிலர் திட்டுவாங்க. உட்கார்ந்தே இருங்க. காது கேட்கலைன்னா சத்தமா இன்னொரு தடவை கேளுங்க.