யாருடைய கூற்று? – ‘ஆபிரகாம் பள்ளத்தாக்கு’ திரைப்படமும் ஒப்பாய்வுப் பிழையும்

இலக்கியத்தைத் தழுவிய திரைப்படங்களை ஆராய்வோருள் ஒரு சாரார், மூலத்தினின்று விடுபட்டவை, சேர்க்கப்பட்டவை எனப் பட்டியலிடுவதையே ஒப்பாய்வு எனக் கொள்கின்றனர். கதைசொல்லியின் குரல் திரையில் நீண்டு ஒலிப்பின், அது காட்சிக்கலையின் இயலாமை என்றும் தீர்ப்பளிக்கின்றனர். இவ்விரு முடிவுகளும் ஏற்புடையன அல்ல என்பதற்குப் போர்த்துக்கீசிய இயக்குநர் மனுவேல் த ஒலிவெய்ராவின் (1908–2015) ‘ஆபிரகாம் பள்ளத்தாக்கு’ (1993) தக்க சான்றாகும்.

பிளாபேரின் ‘மதாம் பொவாரி’ என்னும் பிரெஞ்சு நாவல் 1857இல் நூலாக வெளிவந்தது. ஒலிவெய்ராவின் வேண்டுகோளுக்கிணங்க, அகுஸ்தினா பெசா லூயிஸ் அக்கதையைப் போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கிடையே நிகழ்வதாகப் புத்தாக்கம் செய்தார். 1991இல் வெளிவந்த அந்நாவலே படமாயிற்று. மூலமே ஒரு மறுவாசிப்பாக அமைந்தவிடத்து, மூலத்தினின்று வழுவியதாகக் குற்றஞ்சாட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

பிளாபேரின் நாவலில் கால் ஊனமுற்றவன் விடுதியின் குதிரைலாயப் பணியாளன். மருத்துவனான கணவன் செய்த அறுவை பிழைபட, அவன் அக்காலையே இழக்கிறான். கணவனின் தோல்வி அங்கு ஊரறிய வெளிப்படுகிறது. படத்திலோ காலில் சிறு ஊனமுடையவள் மருத்துவனின் மனைவி எமாவே. குறை அவள் உடலிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது; ஊரார் பார்வையும் அங்கேயே நிலைகொள்கிறது. பிளாபேரின் எம்மா கடன் நெருக்கடியில் நஞ்சுண்டு மாய்கிறாள்; ஒலிவெய்ராவின் எமா படகுத்துறையின் உளுத்த பலகை முறிந்து ஆற்றில் வீழ்கிறாள். இவற்றை ‘மாற்றங்கள்’ என எண்ணி முடிப்போர், அன்பற்ற மணவாழ்வின் பழி எவர்மேல் சுமத்தப்படுகிறது என வினவுவதில்லை.

அவ்வினாவுக்கு விடை தருவது அவர்கள் குறைகூறும் குரலே ஆகும். அஃது ஓர் ஆண்குரல். எமாவின் உள்ளத்தை அவளினும் நன்கறிந்ததுபோல் அது விளக்கிச் செல்கிறது. ஒளிப்படக் கருவியோ அவள் முகத்தில் நெடிது நிலைக்கிறது. அம்முகம் குரலுக்குச் சான்று பகர்வதில்லை. தமிழ் அகமரபின் கலைச்சொல்லால் கூறின், அக்குரல் கண்டோர் கூற்றை ஒத்தது. தலைவி கூற்று அன்று. கண்டோர் கூற்றைத் தலைவியின் நெஞ்சமாகக் கொள்ளும் பிழையை அகப்பாடல் பயின்றோர் செய்யார். திரைப்பட ஆய்விலோ அப்பிழையே, ‘நிறைவுறா மனைவியின் வழுக்கல்’ என்னும் ஒற்றைத்தொடர்க் கதைச்சுருக்கமாக இடம்பெற்றுவிடுகிறது.

அக்குரலை நீக்கினால், எமாவுக்குத் தீர்ப்பு வழங்கும் ஊரும் மறைந்துவிடும். எவருடைய கூற்று என ஆராயாத ஒப்பாய்வு வெறும் கணக்கெடுப்பே; ஆய்வாகாது.