சட்டியும் சட்டமும்

செங்கலடிச் சந்தியிலே விடியற்காலையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு நமது வாழ்வின் முரண்பாடு ஒன்று தெளிவாகப் புலப்படும். வயல் விளைந்த நெல் அரிசியாகி வந்திருக்கிறது. வாவியிலே பிடித்த மீன் துடித்துக் கொண்டிருக்கிறது. எருமைத் தயிர் முட்டியிலே உறைந்திருக்கிறது. கீரையும் கத்தரியும் பயிற்றங்காயும் பனி காயாமற் கிடக்கின்றன. இவற்றில் ஒன்றேனும் கடல் கடந்து வந்ததன்று. ஆயினும் அச்சந்தையை விட்டு வீடு நோக்கிச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் தொங்குவது பொலித்தீன் பை! உண்பது நமது மண்ணின் விளைவு. அதைச் சுற்றியிருப்பதோ மண் ஏற்க மறுக்கும் பொருள்.

எமது இல்லத்திலே பிளாஸ்டிக் உறை நுழையாமற் சமைத்து உண்பது இயலுமா என்பதை அறிய ஒரு மாத காலம் முயன்று பார்த்தோம். மீனுக்குப் பனையோலை உமல், மரக்கறிக்குப் பன் கூடை, எண்ணெய்க்குக் கண்ணாடிப் போத்தல், தயிருக்கு மண்முட்டி எனப் பழைய பொருள்கள் மீண்டும் வேலைக்கு வந்தன. மிளகாயும் மல்லியும் வீட்டிலே வறுத்து ஆலையில் இடிப்பிக்கப்பட்டன. இடியப்பத்துக்குப் பிரம்புத் தட்டும், பிட்டுக்கு நீற்றுப்பெட்டியும் இறங்கின. அரிசிக்குச் சாக்குத் தேடியபோதுதான் ஓர் உண்மை புரிந்தது: இன்று நாம் சாக்கு என்று சொல்லுவதே பிளாஸ்டிக் இழையால் நெய்த உரப்பையாகிவிட்டது. சணற்சாக்கு ஒன்றைத் தேடி எடுக்க இரண்டு நாள்கள் சென்றன.

பருப்பு வாங்கத் துணிப்பை கொண்டு சென்றோம். கடைக்காரர் வழக்கம்போலப் பருப்பைப் பொலித்தீன் பையில் அள்ளி நிறுத்து, பின்னர் எமது துணிப்பையிலே கொட்டிவிட்டு, அப்பொலித்தீனைக் கடை மூலையிலே எறிந்தார்! அவர்மீது குற்றமில்லை. அவருடைய தராசு அதற்கே பழகிவிட்டது. தோல்விகளும் உண்டு. உப்பு உறையிலேதான் வருகிறது, பால்மாவும் அவ்வாறே. பிள்ளைகள் கேட்ட பிஸ்கட்டை ஒரு மாதம் மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

இன்னுமோர் உண்மையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முயன்றோம் என்று எழுதும் கை வேறு. முயன்ற கை வேறு. வறுத்ததும், போத்தல் கழுவியதும், உமலை உலர்த்தியதும் எமது இல்லத்துப் பெண்களே. நீதிமன்றத்துக்குச் செல்லும் அவசரத்திலே சோற்றுப் பொதியை வாழையிலையிற் கட்டித் தரும்படி கேட்டது மட்டுமே எமது பங்கு. வயலுக்கும் சென்று வந்து அடுப்பும் மூட்டும் பெண்ணிடம் “நீயே நாட்டைக் காப்பாற்று” என்று உபதேசிப்பது அறமாகுமா? ஆகவேதான் இதனைச் சமையலறைப் பிரச்சினையாக அன்றி, ஆட்சிப் பிரச்சினையாகவே நாம் நோக்குகிறோம்.

ஆபத்து சிறிதன்று. குப்பை வண்டி எட்டாத பதுளை வீதிக் கிராமங்களிலே பொலித்தீனை வளவில் எரிக்கிறார்கள். அந்த நச்சுப் புகையை முதலிற் சுவாசிப்பவை முற்றத்திலே விளையாடும் குழந்தைகள். எரியாதது மாரி வெள்ளத்தோடு வாவியை அடைகிறது. அங்கே மக்காமல் துகள் துகளாக உடைகிறது. நெதர்லாந்திலே 22 பேரின் இரத்தத்தைச் சோதித்த அறிஞர்கள், அவர்களில் 17 பேரின் இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்ததாக 2022 இல் அறிவித்தனர். நமக்கு அண்டையிலே, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்டிக்கைத் தின்று 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டதாக அதே ஆண்டிற் செய்தி வந்தது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டு சென்றதை நாடு மறந்திருக்க முடியாது.

சட்டம் இல்லையா? ஏராளமாக இருக்கிறது! 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2007 சனவரியில் தடைசெய்யப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, மீதொட்டமுல்லைச் சாவுகளின் பின்னர், 2017 செப்டம்பரில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைக்குள்ளாயின. 2021 மார்ச் 31 இல் 20 கிராமுக்கு மேற்படாத சஷே பைக்கற்றுகள் தடைசெய்யப்பட்டன; ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழலோடு இடியப்பத் தட்டும் பட்டியலில் ஏறியது. 2025 நவம்பர் முதல், கடைக்காரர் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தலாகாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டிலே காட்டல் வேண்டும்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். தடைகள் பெரும்பாலும் வாங்குபவரின் கையையும் சிறு கடைக்காரரின் மேசையையும் நோக்கியே வந்தன. தான் விற்ற உறையைத் திரும்பப் பெறும் கடமை, அதனை இலட்சக்கணக்கில் அச்சிட்டு அனுப்பும் பெருங் கம்பனியின் மீது போதிய அளவு சுமத்தப்படவில்லை. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் நாம் சொல்லுகிறோம்: மாற்றுப் பொருளைக் காட்டாத தடை, வழி காட்டாத வேலியாகும். மெல்லிய பொலித்தீன் பையை உலகிலேயே முதன்முதல் 2002 இல் தடைசெய்த நாடு வங்காளதேசம். ஆயினும் 2024 இலே அத்தடையை மீண்டும் புதிதாக அமுலாக்க முற்பட வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. தமிழ்நாட்டிலோ 2019 இல் தடையைக் கொண்டுவந்த பின், 2021 இறுதியில் மஞ்சப்பையை மக்கள் கையிற் கொடுக்கும் இயக்கத்தையும் அரசே தொடங்கிற்று. தடையோடு பையும் வரவேண்டும் என்பதே இதிலே நாம் கற்கும் பாடம்.

பால்மாவை எடுத்துக்கொள்வோம். மாடு நிறைந்த மாவட்டத்திலே இறக்குமதிப் பால்மாவைப் பளபளக்கும் உறையிலே வாங்கும் நிலை ஏன் வந்தது? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையைக் காக்கும்படி நமது பண்ணையாளர் 2023 செப்டம்பரிலே சித்தாண்டியில் அறப்போராட்டத்தில் இறங்கியதை வாசகர் அறிவர். மேய்ச்சல் நிலம் சுருங்கினால் முட்டியிலே பால் சுருங்கும். முட்டியிலே பால் சுருங்கினால் அடுக்களையிலே உறை பெருகும். நில உரிமையும் உணவும் குப்பையும் ஒரே கயிற்றின் இழைகள்.

இன்று செய்யத்தக்கது யாது? 2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. குப்பையகற்றும் பொறுப்பு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபைக்குரியது. எனவே கொழும்பை நோக்கிக் காத்திராமல், நமது சபையிடம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். சந்தையிலே சொந்தப் பாத்திரத்தில் வாங்கும் வழக்கத்தை ஊக்கி, கிண்ணத்தின் எடையைக் கழித்து நிறுப்பதை ஒவ்வொரு தராசுக்கும் விதியாக்குக. உமல், பெட்டி, பன் கூடை, தாமரையிலை, வாழையிலை விற்கும் பெண்களுக்கு வாடகையின்றி இடம் ஒதுக்குக. கூட்டுறவுச் சங்கக் கடைகளிலே பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றை உறையின்றி அளந்து கொடுக்க ஏற்பாடு செய்க. பதுளை வீதிக் கிராமங்களுக்கும் வாரம் ஒருமுறையாவது தரம்பிரித்த குப்பையை எடுக்க வண்டி அனுப்புக.

உறையின்றி விற்றாற் சுகாதாரம் கெடும் என்பர். மூடியுள்ள பாத்திரமும் சுத்தமான அகப்பையும் அதற்குப் போதும்; சுடுசோற்றைப் பொலித்தீனிலே கொட்டுவதைச் சுகாதாரம் என்பவர் யார்? ஏழை சிறு பைக்கற்றையே வாங்குகிறான் என்பர். மெய்தான். ஐம்பது கிராம் சீனியை மூடையிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் அவன் உறைக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும். உப்பு, மருந்து போன்றவற்றுக்கு உறை வேண்டுமாயின் இருக்கட்டும். முற்றுமுழுதாக ஒழிப்போம் என்று நாம் பிதற்றவில்லை.

கற்றோர் தமது அலுவலகத்திலும் கூட்டங்களிலும் போத்தல் தண்ணீரையும் சோற்றுப் பைக்கற்றையும் விலக்கி வழிகாட்டட்டும். விவசாயிகள் வயலடிச் சோற்றுக்குத் தாமரையிலையை மீண்டும் அழைக்கட்டும். ஆண்கள் உமலைத் தாமே தூக்கிச் சந்தைக்குச் செல்லட்டும். சபையின் அடுத்த அமர்விலே இக்கோரிக்கைகளை எழுப்பும் உறுப்பினர் யார் என்பதை நாம் கவனித்திருப்போம். நமது வாக்கைக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள், நமது வாசலிற் கிடக்கும் குப்பையையும் பார்த்துத்தானே சென்றார்கள்?