சிக்கானோ மாணவர் மன்றங்கள்: வளாகத்தின் அலங்காரமா, வர்க்கத்தின் பாசறையா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் சிக்கானோ, லத்தீனோ மாணவர் மன்றங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் தோழர்களில் ஒரு சாரார் உதட்டைப் பிதுக்குகின்றனர். ஆடலும் பாடலும் திருவிழாவும் நடத்தும் அடையாள அரசியல்தானே, அதில் வர்க்கப் போராட்டத்துக்கு என்ன வேலை என்பது அவர்களது கேள்வி. வேறு சிலரோ பல்கலைக்கழக நிர்வாகங்கள் அச்சிட்டு வழங்கும் வண்ணக் கையேடுகளைக் கண்டு, பன்முகப் பண்பாட்டுக்கு அந்நாடு அளிக்கும் மதிப்பைப் பாரீர் என்று மெய்சிலிர்க்கின்றனர். முன்னவர் இம்மன்றங்களை இகழ்கின்றனர், பின்னவர் புகழ்கின்றனர். ஆனால் இவை எவ்வாறு பிறந்தன, எவரால் வளர்ந்தன, இன்று எவரால் நசுக்கப்படுகின்றன என்ற வரலாற்றை இரு தரப்பாருமே படிக்க மறுக்கின்றனர்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்பானிய மொழி பேசுகிறார்கள் என்பதற்காக இவர்களை 'ஸ்பானியர்' என்று தமிழாக்கம் செய்வது பெரும்பிழை. அது அவர்களை அடிமைப்படுத்திய காலனியாதிக்கவாதியின் பெயர். 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கு வாழ்ந்த மெக்சிகோ மக்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. பின்னர் வயல்களிலும் ரயில் பாதைகளிலும் சுரங்கங்களிலும் உழைக்கப் புலம்பெயர்ந்து வந்தோர் இலட்சக்கணக்கினர். 'சிக்கானோ' என்பது இந்த ஏழை உழைப்பாளிகளை இழித்துரைக்க வழங்கிய சொல். 1960களின் இளைஞர்கள் அவ்வசையையே எடுத்துக் கொடியாக உயர்த்தினர். 'ஹிஸ்பானிக்' என்பதோ அரசு அலுவலகங்கள் படிவங்களுக்காகப் புழக்கத்தில் விட்ட வகைப்பாடு. புரட்சிக்கு அஞ்சிக் கியூபாவை விட்டு ஓடிவந்த ஆலை முதலாளியையும், குவாதமாலாவிலிருந்து வந்து பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணையும் அது ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறது. வர்க்கம் மறைந்துபோவது அங்கேதான்.

இந்த இயக்கத்தின் பிறப்பிடம் விடுதியின் பொழுதுபோக்குக் கூடம் அன்று, வேலைநிறுத்தக் களம். 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோ திராட்சைத் தொழிலாளர்கள் லாரி இட்லியோங்கின் தலைமையில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். சில நாட்களிலேயே சீசர் சாவேசும் டோலோரஸ் உவெர்த்தாவும் வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் அவர்களோடு இணைந்தனர். லூயிஸ் வால்தேஸ் தொடங்கிய 'தெயாத்ரோ கம்பெசினோ' என்னும் உழவர் நாடகக் குழு அப்போராட்டத்திலேயே பிறந்தது. பார வண்டியின் தட்டே மேடையாக, தொழிலாளர்களே நடிகர்களாக, பண்ணை முதலாளியையும் கருங்காலியையும் எள்ளி நகையாடியது அக்குழு. பண்பாடு வேறு, போராட்டம் வேறு என்று பிரித்துப் பேசும் தோழர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

நாடெங்கும் திராட்சைப் புறக்கணிப்பு பரவியபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வியட்நாம் போர்முனைப் படையினருக்கென்று கூடுதல் திராட்சையை வாங்கிப் பண்ணை முதலாளிகளைக் காப்பாற்ற முனைந்தது. ஆனால் 1968 அக்டோபரில் பெர்க்லி வளாகத்தின் மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள், தங்கள் பல்கலைக்கழகம் அத்திராட்சையை வாங்கக் கூடாதென்று கோரி, பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்திலேயே உள்ளிருப்புப் போராட்டம் நடத்திக் கைதாயினர். பல்கலைக்கழகத்தின் உணவு மேசைக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பை அம்பலப்படுத்தியது ஒரு மாணவர் மன்றம் என்பதை மறத்தலாகாது.

அதே ஆண்டு மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து பல்லாயிரம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினர். ஸ்பானிய மொழி பேசினால் தண்டனை, மேற்படிப்புக்குத் தகுதியற்றவர் என்று கருதிக் கைத்தொழில் வகுப்புக்குத் தள்ளிவிடும் போக்கு, பாடநூல்களில் தம் மக்களின் வரலாறே இல்லாத நிலை ஆகியவற்றை எதிர்த்த போராட்டம் அது. ஆசிரியர் சால் காஸ்திரோ உள்ளிட்ட 13 பேர் மீது சதி வழக்குத் தொடுக்கப்பட்டது. மாணவர் நலன் கோரினால் சதி வழக்கு! ஆளும் வர்க்கத்தின் அகராதி எந்த நாட்டிலும் ஒன்றே.

1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும், லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளி மாணவர்களை உள்ளடக்கிய 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி'யும் வேலைநிறுத்தம் தொடங்கினர். நான்கு மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. காவல்துறையின் தடியடிக்கும் அஞ்சவில்லை. இன வரலாறுகளைக் கற்பிக்கும் தனிப்பள்ளி ஒன்றை நிறுவ நிர்வாகம் இணங்கிய பின்னரே அது முடிந்தது. ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் கொடியின் கீழ் திரண்டு, கோரிக்கையில் ஒன்றுபட்டனர். அடையாளம் ஒற்றுமையைக் குலைத்தே தீரும் என்போருக்கு இது மறுப்பு.

1969 ஏப்ரலில் சாந்தா பார்பராவில் கூடிய மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் சிதறிய அமைப்புகளை ஒன்றிணைத்து 'மேச்சா' என்ற பொதுப்பெயரைச் சூட்டினர். எழுத்துச் சுருக்கமாக அமைந்த அப்பெயருக்கு ஸ்பானிய மொழியில் 'திரி' என்று பொருள். பல்கலைக்கழகத்தின் கல்வியும் வளமும் அதைச் சூழ்ந்துள்ள உழைக்கும் மக்களின் குடியிருப்புகளுக்குப் பயன்பட வேண்டும், பட்டம் பெற்றவன் தன் மக்களைக் கைவிட்டு மேலே ஏறிவிடக் கூடாது என்பதே அவர்கள் வகுத்த திட்டத்தின் உட்கிடை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த மாணவிக்கு உதவித்தொகைப் படிவத்தை நிரப்பித் தருவது, இறந்தோர் நாளின் படையலில் எல்லைப் பாலைவனத்தில் மாண்ட தொழிலாளரை நினைவுகூர்வது, பெற்றோருக்குப் புரியும் மொழியில் பட்டமளிப்பைக் கொண்டாடுவது போன்ற மன்றப் பணிகளெல்லாம் அந்தத் திட்டத்தின் கிளைகளே.

குறைகளே இல்லையென்று வாதிடுவது நம் நோக்கமன்று. லாங் பீச் வளாகத்தில் அன்னா நியெத்தோ கோமஸ் மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெண்ணின் தலைமையைப் பொறாத ஆண்கள் அவரது கொடும்பாவியைத் தூக்கிலிட்டனர். அவரும் தோழியரும் ஒதுங்கிப் போகவில்லை. 1971இல் 'குவாத்தெமோக்கின் புதல்வியர்' என்ற பெயரில் இதழ் தொடங்கிக் கருத்துப் போர் நடத்தினர். இயக்கத்தின் புராணத் தாயகமான 'அஸ்த்லான்' என்ற கருத்தும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. அந்நிலத்தின் தொல்குடிகளை அது மறைக்கிறது, மத்திய அமெரிக்க மாணவர்களையும் கறுப்பின லத்தீனோக்களையும் புறத்தே நிறுத்துகிறது என்று மன்றத்தின் இளைய உறுப்பினர்களே வாதிட்டு, 2019இல் தேசிய அமைப்பின் பெயரிலிருந்து 'சிக்கானோ', 'அஸ்த்லான்' என்ற இரு சொற்களையும் நீக்கத் தீர்மானித்தனர். மூத்தவர் பலர் கொதித்தெழுந்தனர். அத்தீர்மானம் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, தன் பெயரையே விவாதத்துக்கு உட்படுத்தும் அமைப்பை வெறும் கேளிக்கைக் கழகம் என்று எவ்வாறு ஒதுக்குவது?

இனி நிர்வாகத்தின் 'பன்முகத்தன்மை'க்கு வருவோம். முழுநேர இளநிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் பிரிவினர் எனில், அந்நிறுவனம் அமெரிக்க ஒன்றிய அரசின் சிறப்பு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். எனவே மாணவரின் தலையை எண்ணுவதில் நிர்வாகங்களுக்கு ஆர்வம் மிகுதி. அவர் குரலைக் கேட்பதில்தான் இல்லை. நடனக் குழு கையேட்டின் அட்டையில் இடம்பெறும். இரவில் அக்கட்டடத்தைத் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளி, மாணவியின் தாயாகவே இருந்தாலும், ஒப்பந்தக் கூலியின் கணக்கில் மட்டுமே இடம்பெறுவார்.

இந்தப் பரிவின் ஆழத்தை டெக்சாஸ் காட்டிவிட்டது. 2023இல் அம்மாநிலச் சட்டமன்றம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மாணவர் அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எழுத்தில் விலக்கு உண்டு. ஆயினும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், லத்தீனோ மாணவர் அமைப்பு உள்ளிட்டவற்றுக்கு நிழலாக இருந்த பன்முகப் பண்பாட்டு மையத்தையே மூடியது. லத்தீனோ மாணவர்களின் பட்டமளிப்பு விழாவுக்கு நிதி நின்றது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கையேந்திப் பணம் திரட்ட நேர்ந்தது. 2025 செப்டம்பரில் டிரம்ப் அரசின் கல்வித் துறை, இத்தகைய சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கான சுமார் 35 கோடி டாலர் நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. மேலிருந்து வந்த சலுகை, வந்த வழியே திரும்பிவிட்டது.

போராடிப் பெற்றவற்றின் கதை வேறு. 1993 ஏப்ரலில் சீசர் சாவேஸ் மறைந்தார். அவரது இறுதி ஊர்வலத்துக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நிர்வாகம், சிக்கானோ ஆய்வுக்குத் தனித்துறை கிடையாது என்று அறிவித்தது. மாணவர்கள் உள்ளிருப்பில் இறங்கினர், பலர் கைதாயினர். பின்னர் மாணவர் சிலரும் பேராசிரியர் ஒருவரும் 14 நாள் உண்ணாநோன்பு இருந்தனர். நிர்வாகம் பணிந்து, சாவேஸின் பெயரிலேயே ஆய்வு மையத்தை அமைத்தது. 2005இல் அது முழுமையான துறையாயிற்று. அரிசோனாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, டூசான் பள்ளிகளின் மெக்சிகோ அமெரிக்க ஆய்வுப் பாடத்தை 2012 ஜனவரியில் ஒழித்தனர். மாணவர்களும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். இனப்பகையால் உந்தப்பட்ட நடவடிக்கை அது என்று 2017 ஆகஸ்டில் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போராடிப் பெற்றதும் பறிபோகலாம் என்பது மெய். ஆனால் பறிக்க வருபவனை எதிர்த்து நிற்க அங்கே திரண்ட மக்கள் இருக்கின்றனர். அன்பளிப்பாகப் பெற்ற அலுவலகத்துக்கு அத்தகைய காவல் இல்லை.

இது அமெரிக்கர் பாடு, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. நாட்டின் முதல் சிக்கானோ ஆய்வுத் துறை 1968இல் தொடங்கப்பட்டது கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில். 23 வளாகங்களைக் கொண்டிருந்த அதே பல்கலைக்கழகம்தான் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு ஒழிப்பு விதிகளில் சாதியையும் சேர்த்தது. கடல் கடந்தும் சாதியைச் சுமந்து சென்றோரில் ஒரு கூட்டம் அதைக் கடுமையாக எதிர்த்தது. தலித் மாணவர்களின் கோரிக்கைக்கு ஆசிரியர் சங்கமும் மாணவர் பேரவையும் துணை நின்றன. கறுப்பின, சிக்கானோ மாணவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் உழுத நிலத்தில் விளைந்த பயிர் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதத்தில் நிர்வாகம் பறித்தபோது நாம் அதை அடையாள அரசியலென்று ஒதுக்கினோமா? வீதியில் எழுந்த எதிர்ப்பே அந்த அங்கீகாரத்தை ஒரு திங்களுக்குள் மீட்டது.

ஆகவே நம் மாணவர் அரங்கத் தோழர்கள் ஒரு மன்றத்தை எடைபோட வேண்டிய அளவுகோல், அது தாளம் கொட்டுகிறதா முழக்கம் எழுப்புகிறதா என்பதன்று. வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளியின் கூலி அம்மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் இடம்பெற்றுள்ளதா? பக்கத்து மன்றத்தின் மீது அடி விழும்போது அது களமிறங்குகிறதா? நிர்வாகம் நிதியை நிறுத்தினாலும் நாளைக்குக் கூடும் வலிமை அதற்கு உண்டா? ஆம் எனில், அது எந்த மொழியில் பாடினாலும் நம் தோழமைக்கு உரியது. இல்லை எனில், அதற்குள் சென்று உழைத்து அதை அவ்வாறு ஆக்குவது நம் கடமை. வெளியே நின்று இகழ்வது எளிது. அந்த இடைவெளியில் நிர்வாகமும் பிற்போக்கும் உள்ளே நுழைந்துவிடும் என்பதே டெக்சாஸ் நமக்குக் கற்பிக்கும் பாடம்.