ஆடைக்கு அரியணை, ஆடியவனுக்கு வாசற்படி

கண்டி மாநகரில் இன்று மிகுந்த மதிப்புப் பெற்ற உடை எது என்று கேட்டால், வெள்ளி முடியும் மணிவலை பூண்ட மார்பும் கொண்ட 'வெஸ்' நடன உடையே என்று தயங்காமல் சொல்லிவிடலாம். எசல பெரஹராவில் அது தலதா மாளிகையின் முன்னே ஆடிச் செல்கிறது. ஹோட்டல் மண்டபத் திருமணங்களில் மணமக்களை அழைத்து வருகிறது. பத்திக் துணியிலும் சட்டையிலும் கைப்பையிலும் அச்சாகித் தெருவெங்கும் நடமாடுகிறது. 2011இல் வெளியான நாணயத்தாள்களின் பின்புறத்தில் நடனக் கலைஞர்களே இடம்பெற்றனர். இத்தனை பெருமையும் உடைக்கு. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த மனிதனுக்குக் கிடைத்த பங்கு என்ன? நமது பண்பாட்டுக் காவலர்கள் கேட்க விரும்பாத கேள்வி இதுதான்.

'வெஸ்' என்பது வேஷம் என்னும் சொல்லே. 'கொஹொம்ப கங்காரிய' என்ற நோய் நீக்கும் சடங்குக்கு உரிய கோலம் அது. மலய நாட்டு மன்னனின் உடை என்று மரபுக் கதை கூறும். அணிகள் அறுபத்துநான்கு என்றும் கூறும். ஆண்டுக்கணக்கில் பயின்ற மாணவனுக்கு நல்ல நாள் பார்த்தே அந்த முடி சூட்டப்படும். காதில் அணிவதன் பெயர் தோடு. காலில் அணிவதன் பெயர் சிலம்பு. இரு மொழிகளின் கூத்தரும் கொல்லரும் ஒருவரோடொருவர் பழகிய வரலாற்றுக்கு வேறு சாட்சியும் வேண்டுமா?

இந்தக் கோலத்தைக் காத்தவர்கள் பெரவா சாதியார். 'பெர' என்றால் மேளம். கோயில் நிலத்தை உழுது, அதற்கு ஈடாக மேளம் கொட்டியும் ஆடியும் ஊழியம் செய்தவர்கள் அவர்கள். 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியத்தை ஒழித்தது. ஆனால் கோயில் நிலங்களின் ஊழியத்தை மட்டும் விட்டுவைத்தது.

அந்தச் சமுதாயத்தில் உடை என்பது விருப்பத்தின் பாற்பட்டதன்று, சட்டம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதை விவரிக்கிறார். உயர்குலப் பெண்ணின் துணி குதிகால்வரை நீளும். அதன் ஒரு தலைப்பு தோளில் விழுந்து மார்பை மறைக்கும். தாழ்த்தப்பட்ட பெண்ணோ இடுப்புக்கு மேல் வெறுமேனியாய் நடக்க வேண்டும். அவள் துணி முழங்காலுக்குக் கீழே அதிகம் இறங்கலாகாது. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நம் தாய்மார் போராடிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சடங்கு மேடையில் அரச கோலம். விடிந்ததும் ஊரில் அடிமைக் கோலம். இதுவே அந்த ஒழுங்கின் இலக்கணம்.

பின்னர் வணிகன் வந்தான். 1934இல் தேயிலைப் பிரசாரச் சபைக்காகப் பசில் ரைட் 'இலங்கையின் பாடல்' என்னும் படத்தை எடுத்தார். நொக்ஸின் வாசகங்களை அதில் லயனல் வென்ட் வாசித்தார். படத்தின் மூன்றாம் பகுதி 'வாணிபத்தின் குரல்கள்'. இறுதிப் பகுதியின் பெயரோ 'ஒரு தெய்வத்தின் ஆடை'. அந்தப் பகுதியில் கண்டி நடனக் கலைஞர் வெஸ் அணிந்து ஆடுகின்றனர். படம் அழகானது, அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த அழகு எதற்குப் போர்வையாயிற்று? இடுப்பில் படங்கும் தலையில் கம்பளியுமாக மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்ணின் உழைப்பு உலகச் சந்தைக்குப் போனபோது, அதற்குத் தெய்வத்தின் ஆடை உடுத்தப்பட்டது. பதினான்கு ஆண்டுகளில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பெண்ணை நாடற்றவளாக்கியது. அந்த அநீதியின் கடைசி எச்சங்களைத் துடைக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

ஆடலரங்கின் உடை வீதிக்கு இறங்குவது உலகெங்கும் நடப்பதுதான். பிரெஞ்சு வித்தைக்காரர் ஜூல் லியோதார் (1838–1870) அணிந்த உடலொட்டிய உடை, பாலே நடனப் பயிற்சிக்கும் பின்னர் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் உரியதாயிற்று. 1956இல் ரோஸ் ரெபெட்டோ நடிகை பிரிஜித் பார்தோவுக்குச் செய்துகொடுத்த நடனக் காலணி, அலுவலகம் போகும் பெண்களின் காலணியாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லியோதாரின் உடை இன்றும் அவர் பெயரையே சுமக்கிறது. பெரவா கலைஞனின் உடையோ அவன் சாதி மறைக்கப்பட்டால் மட்டுமே மண்டபத்துக்குள் நுழைகிறது. தம் குலத்தைக் காட்டிக்கொடுக்கும் பரம்பரைப் பெயரையே மாற்றிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை!

இதைச் சொல்லும்போது தமிழன் மார்தட்ட வேண்டாம். நம் வீட்டுக் கணக்கும் இதேதான். நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம் என்று கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மணப்பெண்கள் பூணும் கோயில் நகைகள், முன்னர் தேவதாசியின் மேனியில் ஒளிர்ந்தவை. ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திராவின் தறிகளில் நெய்த அகலக்கரைச் சேலை, நடனப் பள்ளியிலிருந்து குடும்பப் பெண்களின் அலமாரிக்குச் சென்றது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் ஒழித்தது; அது நல்லதே. ஆனால் நகையை வாங்கிக்கொண்ட சமூகம், அதை அணிந்தவளின் பெயரை வசைச்சொல்லாக வைத்துக்கொண்டது. தோட்டத்துக் காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும்; தப்படிப்பவன் மட்டும் தள்ளி நிற்க வேண்டும்!

"கலை பொதுச் சொத்தாகிவிட்டது, சாதியை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகன், மணமகள் தேவைப் பகுதியை அவர்கள் படித்துப் பார்க்கட்டும். கிளறுவது யார் என்று தெரியும். திருமண ஊர்வலத்தின் முன்னே ஆடி வருபவன், அதே திருமணத்தின் விளம்பரத்தில் விலக்கப்பட்டவன்.

வேறு சிலர், பெண்கள் ஆடியதால் மரபு கெட்டது என்று புலம்புவார்கள். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சித்திரசேனாவும் (1921–2005) வஜிராவும் கண்டி நடனத்தைச் சடங்குக் களத்திலிருந்து நவீன அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தில் பெண்ணுக்கென்று ஒரு பாணியை வஜிரா வகுத்தார். இன்று எல்லாக் குலத்துச் சிறுமியரும் பள்ளியில் அதைப் பயில்கிறார்கள். இது முன்னேற்றம். கதவு திறந்தது குற்றமன்று. உள்ளே எல்லோரையும் அழைத்துவிட்டு, வீட்டைக் கட்டியவனை வெளியே நிறுத்தியதே குற்றம்.

ஆசிரிய நண்பர்களே, பள்ளி விழாவில் நீங்களும் கொழுந்து நடனம் மேடையேற்றுகிறீர்கள். அங்கே படங்குச் சாக்கு பட்டுப் பாவாடையாக மாறிவிடுகிறது. அட்டைக் கடி இல்லை, மழை இல்லை. நடனம் நடக்கட்டும். ஆனால் மறுநாள் வகுப்பில், அந்தக் கூடை நிறைந்தால் என்ன கூலி கிடைக்கும் என்ற கணக்கையும் மாணவர் போடட்டும். வெஸ் முடியின் படத்தை வரையும் மாணவன், அதைச் சூடியவருக்கு எந்தெந்த வீட்டுத் திண்ணை மறுக்கப்பட்டது என்பதையும் எழுதட்டும். திருமணத்துக்குக் கலைஞரை அழைப்பவர்கள் நியாயமான ஊதியம் கொடுத்து, பந்தியில் தம்மருகே அமர்த்தட்டும்.

கலையைப் போற்றுவது என்பது உடையைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதன்று. அதை உடுத்திய மனிதனுக்குச் சமமான இடம் கொடுப்பதே ஆகும்.